கீழே இருந்த கேபின்

அம்மா மார்ச் மாதம் இறந்துபோனாள். அந்த வருஷம் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது என்பது யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவில்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு ஸ்டார் கட்டக்கூடாது, பலகாரம் சுடக்கூடாது, புதுத்துணி எடுக்கக்கூடாது. கோலசிலாங்கூரில் எங்கள் கோயிலுக்கு வரும் குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான். பூசைக்குப் போய்விட்டு வந்து சும்மா இருக்க வேண்டியதுதான்.

அண்ணன் ரெய்மண்ட் ரவாங்கில் இருக்கிறான். அக்டோபரில் ஒருநாள் குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினான்: "இந்த வருஷம் எல்லாரும் எங்கயாவது வெளிய போயிடலாம் லா. ஸ்டார் இல்லாத வீட்ட பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியாது."

அவனால் முடியாதாம். அந்த வீட்டில் வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்தவள் நான். மூன்று வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவைப் புரட்டிப் போட்டுத் துடைத்தவள் நான். அம்மா போன பிறகு அப்பாவுக்குச் சீனி வியாதி மாத்திரையும் முட்டிக்குத் தைலமும் எடுத்துக் கொடுப்பவளும் நான்தான். பள்ளிக்கூட ஆபீசில் பதிவேடு எழுதும் கிராணி வேலை, ஐம்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தில் என்ன வேலை கிடைக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தங்கை ஜோலீன் ஜொகூரிலிருந்து நாலு இதயப் படம் போட்டு "எஸ் எஸ்" என்றாள்.

அப்பாவிடம் சொன்னேன். டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பினார்.

"எல்லாருமா? ஜோலீனுமா வருது?"

"வருதாம்பா."

"நல்லதும்மா. மூணு பேரயும் ஒரே மேசையில பாத்து எவ்ளோ நாளாச்சு. ஒங்கம்மா சாவுலகூட ஆளுக்கொரு மூலையில நின்னீங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "நானும் வரலாமில்ல?" என்று கேட்டார்.

"வராம பின்ன?" என்றேன்.

இடம் பார்க்கிற வேலை யார் தலையில் விழுந்தது என்று கேட்க வேண்டாம். ராசா டவுனைத் தாண்டி உள்ளே போனால் ஒரு பாறைக் காடு இருக்கிறது. மரங்களுக்கு மேலே வெள்ளை வெளேரென்று பாறை எழுந்து நிற்கும். அரசாங்கக் காப்புக்காடு. அதன் அடிவாரத்தில் தங்குவதற்கு இடம் விடுகிறார்கள் என்று ரெய்மண்ட்தான் படம் அனுப்பியிருந்தான். கூட வருகிறேன் என்றவன் கடைசி நேரத்தில் ஓவர்டைம் என்றான். நான் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

இடத்தைப் பார்த்துக்கொள்பவர் பெயர் உமாபதி. நாற்பது வயதிருக்கும், வாயாடி. ஆற்றோரத்தில் கூடாரம் போடும் இடத்தை முதலில் காட்டினார். அங்கே கழிவறை கால் மைல் தள்ளி இருந்தது. "அப்பாவுக்கு ஆகாது," என்றேன்.

"அப்ப இத பாருங்கக்கா," என்று கார் நிறுத்துமிடத்தை ஒட்டியிருந்த கேபினைத் திறந்தார். வாசலில் படியே இல்லை, சரிவாக சிமெண்டு போட்டிருந்தார்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி, சறுக்காத தரை, உட்கார்ந்து குளிக்க நாற்காலி. எங்கள் அப்பாவுக்கென்றே அளவெடுத்துக் கட்டியது போல இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மட்டும் பாறை தெரியாது, கார்கள்தான் தெரியும்.

அந்தக் குளியலறை வாசலில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். மூன்று நாளும் இந்தக் கம்பிக்குப் பக்கத்தில் யார் நிற்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரெய்மண்ட் ஆற்றில் குளிப்பான், ஜோலீன் போட்டோ எடுப்பாள். வீட்டில் செய்வதை இங்கே வந்து செய்ய நான் எதற்கு ராசா வரைக்கும் வர வேண்டும்?

"மேல ஒண்ணு இருக்கு, எம்பத்தி நாலு படி," என்றார் உமாபதி. ஏறினேன். பாறையைக் குடைந்து வெட்டிய படிகள். மேலே மரக் கேபின், முன்னால் வராந்தா, நேர் எதிரே அந்த வெள்ளைப் பாறை. உமாபதி சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டார். நான் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் "ஜெனி" என்று கூப்பிடவில்லை. எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது, அம்மா சாவில்கூட வராத அழுகை.

கீழே வந்து உமாபதியிடம், "கீழ உள்ளது புடிக்கல. மேல உள்ளதையே எடுத்துக்குறேன்," என்றேன்.

வாட்ஸ்அப்பில் வேறு மாதிரி எழுதினேன். "கீழ ஒரு கேபின் இருக்கு, அது ஃபுல். மேல உள்ளதுதான் காலி. 84 படி. வ்யூ சூப்பர்."

"அப்போ அப்பா?" என்றான் ரெய்மண்ட். ஜோலீன் ஒரு அழுகை முகம் போட்டாள்.

"பக்கத்து வீட்டு சுரையா அக்கா பாத்துக்குவாங்க," என்று எழுதினேன். வேறு இடம் பார்ப்போம் என்று அவர்கள் சொல்வார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் மறுத்திருக்க மாட்டேன். ரெய்மண்ட் ஒரு ஓட்டெடுப்பு போட்டான். மேல் கேபினுக்கு மூன்று ஓட்டு, மூன்றில் ஒன்று என்னுடையது.

அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. "கீழ உள்ளது ஃபுல்லாயிருச்சுப்பா. மேல போக எம்பத்தி நாலு படி."

"அப்பிடியா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எம்பத்தி நாலா?" என்று கேட்டார். பிறகு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அது வசதியாக இருந்தது.

அப்பா முப்பது வருஷம் எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். கிளட்ச் மிதித்து மிதித்தே இடது முட்டி போய்விட்டது. ஊன்றுகோல் இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போக மாட்டார். நாங்கள் இருப்பது அடுக்குமாடியின் கீழ்த்தளம் என்பதால் அவருக்குப் படிக்கட்டே தேவைப்படவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் சுரையா அக்கா என்னை வாசலில் நிறுத்தினார். பஸ் ஸ்டேஷன் பக்கம் அவர்கள் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கடையை மகன் பார்த்துக்கொள்ள, அவர் வீட்டிலேயே இருப்பவர்.

"ஜெனி, நீ வேலைக்குப் போனதும் ஒங்க அப்பா என்னா பண்றாரு தெரியுமா?"

"தூங்குவாரு."

"தூங்குறாரா! தெனம் மாடிப்படி ஏறுறாரு புள்ள. மொத நாள் ரெண்டாவது மாடிக்குப் போறதுக்குள்ள உக்காந்துட்டாரு, நான்தான் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன். இப்ப நாலாவது மாடி வரைக்கும் போயிடறாரு. எழுவத்தி ரெண்டு படிதான் இருக்காம். கீழ எறங்கி வந்து மிச்சம் பன்னெண்டும் ஏறுனாத்தான் கணக்கு சரியாம். என்னா கணக்குண்ணேன்னு கேட்டேன். புள்ளைங்களோட கிறிஸ்துமஸுக்குப் போவணும்ங்குறாரு. ஒங்கிட்ட சொல்லாதன்னாரு. விழுந்து கிழுந்து வச்சா என்னா பண்றதுன்னு சொல்லிட்டேன்."

நான் உள்ளே போனேன். அப்பா கால்சட்டையை முட்டி வரை சுருட்டிவிட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். முட்டி பந்து மாதிரி வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கால்சட்டையை இறக்கிவிட்டார்.

மறுநாள் ஆபீசிலிருந்து உமாபதிக்குப் போன் போட்டேன். "அந்தக் கீழ் கேபின எங்களுக்கே போட்டுருங்க."

"ஐயோ, அது போன வாரமே போயிருச்சுக்கா. ஒரு சீனக் குடும்பம் எடுத்துட்டாங்க."

"கூடாரம் போடற எடம்?"

"மழை. ஆத்தோரத்த மூடிட்டோம்."

வருஷக் கடைசி ஸ்கூல் லீவு, எல்லோரும் ஊர் சுற்றும் நேரம். அன்றைக்கு ராசாவிலிருந்து ஜெராம் வரைக்கும் ஆறு இடத்துக்குப் போன் போட்டேன். எங்கும் இடமில்லை. அப்போதே ரெய்மண்டிடம் உண்மையைச் சொல்லி, எல்லோரும் எங்கள் வீட்டுக்கே வாருங்கள், ஸ்டார் இல்லாவிட்டால் என்ன என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பான். அதற்கு என்னிடம் இருந்த பதில் என் அப்பாவைப் பற்றி ஒரு மகள் சொல்லக்கூடிய பதிலாக இல்லை. "அப்பா வராரு. படி ஏறப் பழகிட்டாரு," என்று மட்டும் எழுதினேன். ஜோலீன் கைதட்டும் படம் போட்டாள்.

இருபத்து நாலாம் தேதி மதியம் போய்ச் சேர்ந்தோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, ஷூ கட்டியிருந்தார். படிகளின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் பழகியது அடுக்குமாடிப் படி. ஒரே உயரம், பக்கத்தில் கைப்பிடி. இது பாறையில் வெட்டியது. ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி, பிடிக்க ஒன்றுமில்லை, மழையில் வேறு நனைந்திருந்தது. நான் முன்னால், ரெய்மண்ட் பின்னால். அப்பா வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினார். இருபதுக்கு மேல் எண்ணும் சத்தம் குறைந்தது. முப்பத்தொன்றில் நின்றார். இடது கால் தானாக ஆடியது. மெதுவாகப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு ஏறுவோம்பா," என்றாள் ஜோலீன்.

"இல்லம்மா. முடியல." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நீங்க போங்க. நான் காருல இருக்கேன்."

ரெய்மண்டும் உமாபதியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி இறக்கினார்கள். உமாபதி நல்ல மனுஷன். தன் ஆபீஸ் அறையில் கட்டில் இருக்கிறது, அங்கேயே படுக்கட்டும் என்றார். அப்பாவை அந்தக் கட்டிலில் உட்கார வைத்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உமாபதி சொன்னார்.

"அன்னிக்கே கீழ உள்ளத எடுத்திருக்கலாமேக்கா. நீங்க பாக்க வந்தப்ப காலியாத்தானே இருந்துச்சு. நீங்கதான் புடிக்கலன்னீங்க."

என் கை ஷூ கயிற்றிலேயே நின்றுவிட்டது. ரெய்மண்ட் என்னைப் பார்த்தான். "காலியா இருந்துச்சா? ஃபுல்லுன்னு சொன்ன?"

அப்பா என் தலைக்கு மேலே பேசினார். "நான்தாண்டா வேணாம்னேன்."

"என்னாப்பா?"

"இது இங்கேருந்து எனக்கு போன் பண்ணிக் கேட்டுச்சு. கீழ எடுக்கட்டுமாப்பான்னு. காருங்கள பாக்கவா அவ்ளோ தூரம் போறோம், மேலயே எடு, நான் ஏறிக்குவேன்னு சொன்னேன். ஒங்ககிட்ட ஃபுல்லுன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். இல்லன்னா நீங்க விடமாட்டீங்க. கெழவன் ஆச, விடு."

"ஒங்களுக்கு இந்த வயசுல இந்த வீம்பு வேணுமாப்பா?" என்று ரெய்மண்ட் அவரைத் திட்டினான். அப்பா திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் குனிந்தபடியே அடுத்த ஷூவைக் கழற்றினேன். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் உமாபதியின் ஆபீஸ் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பாவுக்கு ரெய்மண்ட் ஒரு பக்கம், ஜோலீன் மறுபக்கம். அவர் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. லோரி காலத்துக் கதை சொல்லி ஜோலீனைச் சிரிக்க வைத்தார். இரண்டு ராத்திரியும் ரெய்மண்ட்தான் அவர் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தான், கழிவறைக்குக் கூட்டிப்போனான். அப்பா என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட "ரெய்மண்ட்" என்றார்.

இருபத்தாறாம் தேதி கிளம்பும்போது நான் என் காரின் முன்கதவைத் திறந்து வைத்தேன். அப்பா ஊன்றுகோலை ஊன்றியபடி அதைத் தாண்டி நடந்து, ரெய்மண்ட் காரில் போய் ஏறினார்.

"கொஞ்ச நாள் ஒங்கூட இருக்கேன்டா. ஹாலுல ஒரு கட்டில் போட்டா போதும்," என்றார்.

ரெய்மண்ட் திகைத்துப்போனான். "இருங்கப்பா, அதுக்கென்னா," என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

நான் ஜன்னலருகில் போய் நின்றேன். அப்பாவின் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாத்திரைய ரெய்மண்ட்கிட்ட குடுத்துரு ஜெனி. ரொம்ப அசந்து போயிட்டம்மா நீ. வீட்டுலயே பாத்தேன், ஒன் மொகத்துல. நான்தான் கேக்காம இருந்துட்டேன்."

மாத்திரைப் பையை எடுத்து வந்து கொடுத்தேன். ரெய்மண்ட் வண்டியைக் கிளப்பினான். அப்பா ஜன்னலை ஏற்றவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம்பா, நம்ம வீட்டுக்கே வாங்க என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் இறங்கி வந்திருப்பார். அதற்காகத்தான் அவ்வளவு நேரம் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். கார் நகர்கிற வரைக்கும் நான் சொல்லவில்லை.