இரண்டு வா

பெட்டி பாதிக் குழிக்குள் இறங்கியிருந்தபோது லூசியா தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு எதை எங்கே கேட்பது என்று தெரியாது. நோனோ தன்னைப் போகச் சொன்னார் என்று அப்பா ஏன் எல்லாரிடமும் சொல்கிறார், நோனோ 'வா' என்றுதானே சொன்னார் என்று இங்கிலீசில் கேட்டாள். நோனோ என்றால் இத்தாலிய மொழியில் அப்பப்பா. நல்லகாலம், மெதுவாகத்தான் கேட்டாள்.

"சும்மா நில்லு பிள்ளை," என்றாள் ஜெனிற்றா. குழிக்கு அந்தப் பக்கம் நின்ற கணவன் மார்க்கோவுக்குக் கேட்டிருக்கக் கூடாதே என்று நிமிர்ந்து பார்த்தாள்.

பெட்டிக்குள் இருந்தவர் பியேத்ரோ, மார்க்கோவின் தகப்பன். அறுபதுகளில், மின்சாரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற சுரங்கம் வெட்டுவதற்காக இத்தாலியின் வடக்கிலிருந்து தூராங்கி என்ற மலையூருக்கு வந்தவர். வேலை முடிந்ததும் கூட வந்த பலர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். இவர் ஆக்லாந்துக்கு வந்து கொங்கிறீற் போடுகிற வேலையில் சேர்ந்தார். பிறகு பெண்சாதியை ஊரிலிருந்து எடுப்பித்தார், அவளுடைய தம்பியை எடுப்பித்தார், தம்பி தன் மச்சானை எடுப்பித்தான். மன்னாரிலிருந்து வந்த ஜெனிற்றாவுக்கு இதில் ஒன்றும் புதினமாக இருக்கவில்லை. ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் கடைகளில் தமிழர் கதைப்பதும் இதைத்தான், யார் யாரை எடுத்தது, யாருக்கு விசா இழுபடுகிறது என்று.

கலியாணமாகி வந்த முதல் நாள் அவள் அவரை "மாமா" என்று கூப்பிட்டாள். இத்தாலிய மொழியில் அது அம்மா. கிழவன் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அதற்குப் பிறகு வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் வைக்கிற மீன் குழம்பைத் தன்னுடைய சோளமாக் களியில் ஊற்றிச் சாப்பிடுவார். இது தெரிந்தால் ஊரில் என்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு அகப்பை கேட்பார். கிழவனை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். பெற்ற தகப்பனோடு கூட அவள் அப்படிச் சண்டை பிடித்துச் சிரித்ததில்லை.

சண்டை 'வா'வில்தான். அவருடைய மொழியில் 'வா' என்றால் போ. லூசியா தவழ்ந்த நாட்களில் ஜெனிற்றா "வா, வா" என்று கையை நீட்டுவாள். பச்சைப் பிள்ளையை ஏன் துரத்துகிறாய் என்று கிழவன் பாய்வார். பிறகு அவரே தோற்றுப்போய்ப் பேத்தியைத் தமிழ் 'வா'வால் கூப்பிடத் தொடங்கினார். மகனை மட்டும் பழைய 'வா'வால் விரட்டுவார்: நேரமாகுது, வேலைக்குப் போ. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே வாயில் புழங்கின. யாருக்கும் ஒருநாளும் குழம்பியதில்லை.

பாரிசவாதம் வந்தபிறகு அவருடைய இங்கிலீஷ்தான் முதலில் போனது. மிச்சமிருந்த சில சொற்கள் எந்த மொழி என்று யாருக்கும் நிச்சயமில்லை. திங்கட்கிழமை காலை, இரவு முழுக்கக் கட்டிலருகே இருந்த மார்க்கோவைப் பார்த்து அவர் "வா" என்றார். போய்ப் படு என்கிறார் என்று மார்க்கோ எடுத்துக்கொண்டான். தகப்பனின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

உதட்டை நனைக்கத் தண்ணீரோடு ஜெனிற்றா வந்தாள். பின்னால் லூசியாவும் வந்தாள். கிழவன் மகன் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வா," என்றார் இன்னொரு தடவை. போகச் சொல்கிற முகம் இல்லை அது. ஜெனிற்றா கோப்பையை வைத்துவிட்டு ஓடினாள். மார்க்கோவை உலுக்கி எழுப்பிக் கூட்டிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மார்க்கோ ஒன்றைத்தான் சொன்னான். கடைசியிலும் அப்பா என்னைப் போய்ப் படுக்கச் சொன்னார், உயிர் போவதை நான் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். இன்று காலை கோயிலில், பூசை முடிவிலும் அதையே சொன்னான். ஜெனிற்றா தன் தங்கை தனுஷிகாவிடம் மட்டும் நடந்ததைச் சொல்லியிருந்தாள்.

"சொல்லிப்போடாதை அக்கா," என்று அவள் கோயில் வாசலில் வைத்துச் சொல்லியிருந்தாள். "அத்தான் அந்த ஒண்டைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறார்."

குருவானவர் செபத்தை முடித்தார். சுரங்கத்தில் பியேத்ரோவோடு வேலை செய்தவர்களில் மிஞ்சியிருந்த கிழவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கார்களுக்கு நடந்தார்கள். தனுஷிகா லூசியாவைக் கூட்டிக்கொண்டு போனாள். குழி மூடுகிற ஆட்கள் தங்கள் வாகனத்தோடு மரத்தடியில் காத்து நின்றார்கள். சவக்காலையில் அந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை.

மார்க்கோ குழியைப் பார்த்தபடியே கேட்டான், அன்றைக்கு நீ ஏன் அப்படி ஓடி வந்து என்னை எழுப்பினாய் என்று.

அவள் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். அவருடைய மூச்சு மாறியது, அதனால் ஓடி வந்தேன். நல்ல பொய்தான். ஆனால் அவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவன் கேட்ட விதத்திலேயே அவளுக்கு விளங்கியது. போ என்ற சொல்லைக் கேட்டு யாரும் அப்படி ஓடி வர மாட்டார்கள். இவ்வளவு நாளும் அவன் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லித் தன்னைத்தான் நம்பவைக்கப் பார்த்திருக்கிறான். அவளுக்கு அவன்மேல் இரக்கம் பொங்கியது. அழுகை வந்தால் அவளுக்கு இங்கிலீஷ் வராது. அந்தத் தமிழுக்கு அவன் எப்போதோ பழகியிருந்தான்.

"மாமா உங்களைத்தான் கூப்பிட்டவர், மார்க்கோ."

மார்க்கோ தலையாட்டினான். கோட்டைக் கழற்றிப் புல்லில் போட்டான். மரத்தடிக்குப் போய் அந்த ஆட்களிடம் ஏதோ கேட்டு, மண் அள்ளுகிற சவள் ஒன்றோடு திரும்பி வந்தான்.

முதல் சவள் மண் பெட்டிப் பலகையில் விழுந்த சத்தத்துக்குத் தனுஷிகா காரடியிலிருந்து திரும்பி வந்தாள்.

"சனமெல்லாம் சாப்பாட்டுக்கு ஹோலிலை காத்துக்கொண்டிருக்குது அக்கா. அத்தானைக் கூப்பிடுங்கோவன்."

"நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ," என்றாள் ஜெனிற்றா. "அவர் தகப்பனோடை நிக்கட்டும்."

மழை தூறத் தொடங்கியது. மரத்தடியில் நின்றவர்கள் வாகனத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜெனிற்றா புல்லில் கிடந்த கோட்டை எடுத்து உதறிக் கையில் போட்டுக்கொண்டாள். மார்க்கோ நிமிரவில்லை. குழி பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.