மதாம் எழுந்துகொள்ளும் நேரம்

பின்பக்கம் முதலில் இறங்குகிறது, எப்போதும் அப்படித்தான், எஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் ஒரு பெருமூச்சு, பின்சக்கரங்கள் உடம்புக்குள் மெல்ல மறைகின்றன, பிறகு முன்பக்கம், கடைசியில் வண்டி முழுவதும் வயிறு தரையைத் தொடுகிறாற்போலப் படுத்துவிடுகிறது, ஷெட்டுக்கு வெளியே குழாயடியில் கை கழுவும் பப்பா கேட்கிறார், மதாம் படுத்துட்டாங்களா, நான் தலையாட்டுகிறேன், திரும்பிப் பார்த்தால்தான் அந்தப் பதில் அவருக்குத் தெரியும், திரும்பிப் பார்ப்பார், என் பதில்களை அவர் எப்போதும் திரும்பித்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த சித்ரோயன் கார், என்னைவிட மூத்தது, அதனால்தான் மதாம், அதனால்தான் மரியாதை, மற்ற கார்களைப் போல அதற்கு ஸ்பிரிங் கிடையாது, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு இரும்பு உருண்டைகள், அவற்றோடு இணைந்த குழாய்களில் பச்சை எண்ணெய், எஞ்சின் ஓடினால் அந்த எண்ணெயின் அழுத்தத்தில் வண்டி எழுந்து நிற்கும், பிரேக்குக்கும் அதே எண்ணெய்தான், வேறு எதை ஊற்றினாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊறி உப்பிவிடும், மறக்கக்கூடாதென்று தொட்டி மூடிக்கே பப்பா பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார், பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான், எனக்குத் தெரியாது என்று இந்த நோட்டில்கூட எழுத முடியாது.

பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள், எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, தொண்டை திறக்கவில்லை, முப்பத்தெட்டுப் பேர் சிரிக்கிறார்கள், மறுநாளும் நிற்கிறேன், மறுநாளும் சிரிக்கிறார்கள், அதற்கு அடுத்த நாள் நான் போகவில்லை, பிறகு போகவே இல்லை, ஷெட்டில் எனக்கு வேலை இருந்தது, சனிக்கிழமை வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கடற்காற்று அரித்துவிடும், செவ்வாய்க்கிழமை பச்சை எண்ணெய் அளவு பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் பப்பாவிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான், சொல்ல வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை அளவு கோட்டுக்குக் கீழே இருந்தது, டின்னைக் கவிழ்த்தால் சொட்டுகூட இல்லை, கூடத்தில் அண்ணன் ஜெராருக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் நாலு பேர், காப்பி குடித்து முடித்ததும் பப்பா அவர்களை இந்தக் காரில்தான் பஸ் ஸ்டாண்டில் விடப் போகிறார், நான் திரைச்சீலை வரை போகிறேன், திரும்புகிறேன், மறுபடி போகிறேன், மூன்றாவது தடவை திரையைத் தொட்டேன், உள்ளிருந்து ஓர் அம்மாள் பார்த்துவிட்டார், இதான் அந்தப் பேசாத பொண்ணா, வாம்மா, ஊமையில்லைல்ல, என்று கேட்க எல்லோரும் சிரிக்க, நான் ஷெட்டில் இருக்கிறேன், எப்படி வந்தேன் என்று தெரியவில்லை, அலமாரியில் அண்ணனின் பைக்குக்கு வாங்கிய பிரேக் ஆயில் அரை பாட்டில், எண்ணெய்தானே, பிரேக்குக்குத்தானே, ஒரு தடவைதானே, ஊற்றுகிறேன், தேன்நிறத்தில் இறங்குகிறது, காலி பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைக்கிறேன்.

அன்று மதாம் எழுந்துகொண்டது. நாலாவது நாள் தரையில் ஒரு வட்டம் ஈரம், அதற்கு மறுநாள் எஞ்சின் எவ்வளவு ஓடினாலும் எழுந்திருக்கவில்லை, பப்பா தொட்டிக்குள் விரலை விட்டார், தேய்த்தார், மோந்து பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், நான் இருக்கும் பக்கம் பார்க்கவே இல்லை, அதுதான், ஒரு தடவை பார்த்திருந்தால் என் முகம் சொல்லியிருக்கும். நான்தான் ஊத்தியிருக்கேன் போல, என்றார். அம்மா மட்டும், இவ எதாவது தொட்டாளா கேளுங்க, என்றாள், அவளா, மூடியைத் துடைச்சிட்டுத் திறக்கிறவ, அவ தப்பு பண்ண மாட்டா, என்று பப்பா கோபித்துக்கொண்டார், போன மாதம் மூக்குக்கண்ணாடியை பானெட்டுக்குள் வைத்து மூடிவிட்டு வீடெல்லாம் தேடியவர் அவர், அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான், போன மாசம் கண்ணாடி, இந்த மாசம் எண்ணெய், அடுத்த மாசம் எங்களை யாருன்னு கேப்பீங்களா பப்பா, விளையாட்டாகத்தான் சொன்னான், பப்பாவும் சிரித்தார், மறுநாள் காலை சமையலறை டப்பாக்களில் எல்லாம் சீட்டு ஒட்டியிருந்தது, உப்பு, சர்க்கரை, சோடா உப்பு, அவருடைய கோணல் எழுத்து, மாத்திரை அட்டையில் காலை, மாலை, கையில் ஈரம் காயாமல் வந்து நிற்கிறார், குட்டி, நான் சாப்பிட்டேனா, நான் தலையாட்டுகிறேன், நல்லா ஞாபகமா சாப்பிட்டேனா, தலையாட்டுகிறேன், ராணுவ நடை நடந்தவர் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார், அவருக்கு ஒன்றும் இல்லை, நான்தான் அவருக்கு அந்த நோயைக் கொடுத்திருக்கிறேன், உட்கார முடியவில்லை, மாடிக்கும் ஷெட்டுக்கும் நடக்கிறேன், கூடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓடுகள், நோட்டில் ஒரு பக்கம் முழுக்க நான் நான் நான் என்று எழுதினேன், நோட்டு யாரிடமும் சொல்லாது, அதற்காகத்தானே வைத்திருக்கிறேன், கண்ணை மூடினால் வண்டிக்கு அடியில் சொட்டுகிறது, எண்ணெய் இல்லை, பப்பாவின் ஞாபகம், பச்சையாக, அவர் பட்டாளத்துப் பெயர்கள், என் பிறந்தநாள், நான் துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிகிறேன், எங்கே பிழிவது என்று தெரியவில்லை, விழித்தால் கையில் துணி இருக்கிறது, ஷெட்டில்தான் நிற்கிறேன்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து ஒருவர் வண்டி வாங்க வந்தார், அண்ணன் ஏற்பாடு, திங்கட்கிழமைக்கு மூளை டாக்டரிடம் நேரம் வாங்கியதும் அவன்தான், பாவம், அவன் அழுதுகொண்டே போன் பேசியதை நான் பார்த்தேன், வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார், பப்பா சாவியை நீட்டுகிறார், எடுத்துக்குங்க சார், நான் இனிமே இதைத் தொடக்கூடாது, இன்னிக்கு வண்டி, நாளைக்கு காஸைத் திறந்து வச்சிட்டுத் தூங்கிடுவேன், எனக்கு முன்னால் முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நாலு பேர் காப்பி குடிக்கிறார்கள், வாயைத் திறக்கிறேன், நான் ஊத்தினேன். என்னது, என்றான் அண்ணன். நான், நான் ஊத்தினேன் பப்பா. அவர் திரும்பினார், முகத்தில் ஒன்றும் இல்லை, மெக்கானிக் கேட்பது போலக் கேட்டார், எதை, பைக்கு பிரேக் ஆயில், எவ்வளவு, அரை பாட்டில், எப்போ, அவங்க வந்தாங்களே, அன்னிக்கு, மூணே முக்காலுக்கு. ஒரு மாதத்தில் நான் பேசியதைவிட அதிகம் அது. பப்பா பழைய டயர் மேல் உட்கார்ந்தார், பதினோரு நாள் குட்டி, என்றார், அவ்வளவுதான் சொன்னார், பிறகு சாவி சுவரில் போய் விழுந்த சத்தம், நான் அசையவில்லை, அது என் மேல் பட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. சென்னைக்காரர்தான் மெல்ல, உள்ள வளையத்தை மாத்தி, மூணு தடவை கழுவி விட்டா தேறிடும், எங்கிட்ட பச்சை எண்ணெய் டின் இருக்கு, என்று அண்ணனிடம் சொன்னார்.

நாலு நாள் பப்பா என்னோடு பேசவில்லை, சமையலறையில் சீட்டு கிழியும் சத்தம் மட்டும் கேட்டது, உப்பு, சோடா உப்பு, சர்க்கரை டப்பாவில் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, டாக்டரிடம் போகவில்லை, மாடிப்படியில் சுவரைப் பிடிக்கவில்லை, என்னைத் தாண்டிப் போகும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்தார். ஐந்தாம் நாள் ஷெட்டிலிருந்து குரல், பதிமூணாம் நம்பர் ஸ்பானர், பெயர் சொல்லவில்லை, குட்டி என்றும் சொல்லவில்லை, கொண்டுபோய்க் கொடுத்தேன், எண்ணெயை வடித்தோம், தொட்டியைப் பெட்ரோலில் கழுவினோம், உப்பிப்போன வளையங்கள் ஊறவைத்த சுண்டல் போல விரலில் நசுங்கின, புதியவற்றைப் போட்டோம், அண்ணன் சென்னையிலிருந்து தூக்கிவந்த டின்களைத் திறந்து ஊற்றி, ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றி, இப்போது மூன்றாவது தடவை, எஞ்சின் ஓடுகிறது, பானெட் தூக்கியிருப்பதால் முன்னால் குனிந்திருக்கும் பப்பாவுக்குப் பின்பக்கம் தெரியாது, நான் பின்னால் நிற்கிறேன், மதாம் எழுந்துட்டாங்களா, என்கிறார், நான் தலையாட்டுகிறேன், இல்லை என்று, அவர் திரும்பவில்லை, எழுந்துட்டாங்களா, மறுபடியும் அதே குரல், அவர் திரும்பப் போவதில்லை, பின்சக்கரத்தின் மேல்பாதி, இதோ, வெளியே வருகிறது, விரல் அகலம், இரண்டு விரல், பின்பக்கம் பப்பா, கேக்கலை, பின்பக்கம் ஏறுது, சத்தமாச் சொல்லு, ஏறுது பப்பா, இருங்க, நிறுத்தாதீங்க, இப்ப முன்பக்கம், என்று நான் கத்துகிறேன், எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும், எழுந்துட்டாங்க பப்பா, எழுந்துட்டாங்க.