ஒலியை முந்தியவன்

ஒலியைவிட வேகமாக ஒரு விமானம் பறந்துவிட்டதாக 1948 ஆனி மாதத்தில் பேப்பரில் செய்தி வந்தது. அரியலூர் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவாக இருந்த தணிகாசலம் அதை மூன்று தடவை படித்தார். அவர் மனைவி இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி அவரைக் குடைந்தது. அந்த விமானத்தில் போகிறவனைப் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் அவனுக்குக் கேட்குமா? ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுப் பார்த்தார்.

"ரயில்ல வர்ற மூட்டையப் பாருங்க. ஆகாசத்துல போறவன் கவலை நமக்கெதுக்கு?" என்று அவர் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையில் தயிர்க்காரி மருதாயி வந்தபோது, வாய் தவறியதுபோல் அவளிடமும் கேட்டார். அவள் பானையை இறக்கி வைத்துவிட்டு யோசித்தாள்.

"போய்க்கிட்டே இருந்தா கேக்காதுங்க. ஆனா எங்கனயாச்சும் எறங்கித்தானே ஆவணும்? அப்ப அந்தச் சத்தம் பின்னாலயே வந்து சேந்துராதா?"

தணிகாசலம் திகைத்துப்போனார். அவர் கேட்டதை ஒருவர் நின்று யோசித்து எத்தனை காலமாயிற்று!

"கொஞ்சம் உக்காரும்மா. இன்னொண்ணு கேக்கணும்."

"இன்னும் நாலு வூடு இருக்குதுங்க. நாளைக்கு வரேன்."

அவள் போய்விட்டாள். அவர் பழைய சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்தார். அந்த விமானத்தில் சூரியனோடு கூடவே மேற்கே பறந்துகொண்டிருந்தால் பொழுது சாயவே சாயாதா? இதை அவளுக்குப் புரிகிறமாதிரி எப்படிக் கேட்பது என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே தனியாகச் சாப்பிட்டார்.