தாங்கிக்கோப்பா

மதிவதனி ஸ்பூனில் பாலை எடுத்தாள். கை அங்கேயே நின்றுவிட்டது. கட்டிலைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் காலையிலேயே அப்பா வேம்புலிக்குப் பால் ஊற்றிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பெற்ற மகள் மட்டும்தான்.

“இன்னாடி பாத்துகினு கீற? ஊத்து,” என்றாள் அத்தை சாமுண்டீஸ்வரி. “நீ ஊத்தாமத்தான் எங்கண்ணன் உசுரு இழுத்துகினு கீது. உலையாண்ட நின்ன உடம்பு வேற. கெட்டி உசுரு.”

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவர் அப்பா. அத்தை பெருமையாகத்தான் சொன்னாள். மதிக்கு எரிந்தது. அந்தக் கெட்டியைத்தான் அவள் கல்லூரி ஆய்வகத்தில் வருடக்கணக்காகப் படிக்கிறாள். சூடோ விஷமோ பட்டால் செல்லுக்குள் சில புரதங்கள் ஓடி வந்து, குலையப்போவதற்கெல்லாம் முட்டுக்கொடுக்கும். செல்லைச் சாகவிடாது. நல்ல புரதங்கள்தான். ஆள் பார்த்து உதவத்தான் தெரியாது. அப்பாவின் கணையத்தில் வந்த கட்டிக்கும் அதே முட்டு. கீமோ ஏற ஏறக் கட்டி அசையாமல் நின்றது, அவர்தான் கரைந்தார். அந்த முட்டைத் தட்டிவிடும் மருந்து ஆய்வகக் கண்ணாடித் தட்டில் அவள் வளர்க்கும் செல்களிடமே இன்னும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. படித்து என்னத்தைக் கிழித்தோம் என்றிருந்தது.

ஆனாலும் கோவில்பதாகையிலிருந்து ஒவ்வொரு கீமோவுக்கும் பஸ்ஸில் போகும்போது, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையேதான் சொல்லிவந்தாள். “இது ஒண்ண மட்டும் தாங்கிக்கோப்பா.” அவரும் ஜன்னலைப் பார்த்தபடி தலையாட்டுவார்.

அம்மா கன்னியம்மா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். “நீ சொன்னா கேப்பாருடி. போதும், போய்ட்டு வாப்பான்னு சொல்லு.”

“நான் எப்டிம்மா சொல்றது?”

“தாங்கிக்கோன்னு நீதான சொன்ன? அதான் இன்னும் தாங்கிகினு கீறாரு.”

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

மதி அப்பாவின் காதருகே குனிந்தாள். போய்ட்டு வாப்பா. மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

“தாங்கிக்கோப்பா,” என்றுதான் வந்தது.

அப்பாவின் கண் திறக்கவில்லை. தலை மட்டும் லேசாக அசைந்தது, பஸ்ஸில் ஆட்டுவதுபோலவே. அவள் அவசரமாகப் பாலை ஊற்றினாள். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு ஸ்பூன் கொடுத்தாள். அதுவும் இறங்கியது. அதற்கடுத்தது கடைவாயில் வழிந்தது.

“அண்ணே!” என்று அத்தை அலறினாள். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

மதி துண்டால் அவர் தாடையைத் துடைத்தாள். பிறகு டம்ளரிலிருந்து இன்னொரு ஸ்பூன் எடுத்து, ஊதி ஆற்றினாள்.