சம்சு மார்க் நல்லெண்ணெய்

சிவகாசி அச்சகத்திலிருந்து லேபிள் கட்டு வந்து இறங்கியதும் சம்சுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தங்க நிறக் கரை, நடுவில் எள்ளுப் பூ, பக்கத்தில் பூப்பூவாய்ச் சிதறும் மத்தாப்பு. கீழே கொட்டை எழுத்தில் ‘சம்சு மார்க் அசல் நல்லெண்ணெய்’. விருதுநகர் பஜாரில் சின்னக் கடையில் டின் எண்ணெய் விற்று வந்தவனுக்கு முதல்முறையாகத் தன் பேரை அச்சில் பார்க்கும் யோகம். ஒரு லேபிளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, எதிர்க் கடைக்காரன், டீக்கடைக்காரன் என்று ஒருவரையும் விடாமல் காட்டிவிட்டு வந்தான்.

அந்த 2005ஆம் வருடம் தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் வந்தன. எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் கனகசபாபதி அண்ணாச்சி, தீபாவளிக் குளியலுக்குத் தன் ஆட்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு லிட்டர் நல்லெண்ணெய் கொடுக்க நினைத்தார். ஆர்டர் சம்சுவுக்கு வந்ததற்கு அவன் நாக்குதான் காரணம். பஜாரில் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பவர்கள் பலர். ஒரு சொட்டை நுனி நாக்கில் வைத்து, இது அசல், இது கலப்பு என்று அடித்துச் சொல்பவன் சம்சுதான்.

ஆர்டர் வந்துவிட்டது, எள்ளுதான் வரவில்லை. காரியாபட்டிப் பக்கம் ஊர் ஊராய் அலைந்தான். பழைய வாடிக்கையான சோணைமுத்துவின் காட்டில் மக்காச்சோளம் ஆளுயரம் நின்றது.

“எள்ளா? அத விட்டு வருசமாச்சு பாய்” என்றார் சோணைமுத்து. “பாமாயில் வெலைக்கு எள்ளக் கேக்கீக. எப்படிக் கட்டுபடியாகும்?”

அவர் சொன்னதில் பொய்யில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு இந்த நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயை அநேகமாகத் தானே விளைவித்துக்கொண்டது. பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது. இப்போது கிட்டத்தட்டப் பாதி எண்ணெய் கப்பலில் வருகிறது. சம்சு கடையிலும் பாமாயில் உண்டு. பாமாயில் என்று சொல்லித்தான் விற்பான். அதில் ஒரு குற்றமும் இல்லை.

இந்த நேரம் பார்த்துத் தரகர் சங்கரபாண்டியன் வந்தார். “பாதி நல்லெண்ணெய், பாதி பாமாயில், மேலுக்கு வாசனை. ஊரே இப்படித்தான் ஓடுது. நீங்க ஒண்ணும் பாக்க வேணாம் பாய், பேரலை இறக்கிட்டுப் போயிருதேன்.”

சம்சு சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வியாபாரத்தில் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம்.

பேரல் இறங்கியது. கடையாள் இருளாண்டி வழக்கம்போல ஒரு கரண்டி எண்ணெயை நீட்டினான். “நாக்குல வச்சுப் பாருங்க மொதலாளி.”

“நோன்புலே! மறந்துட்டியா?” என்றான் சம்சு. சொல்லும்போது நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் சட்டைப் பையில் லேபிள் இருந்தது. ஒரு பாட்டிலில் மாதிரி பிடித்து, லேபிளை அழகாக ஒட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய் மகள் நாஜியாவிடம் கொடுத்தான். “அண்ணாச்சிக்குக் காட்டணும். பத்திரமா வைம்மா.”

நாஜியாவுக்குப் பத்திரம் என்றால் ஃபிரிட்ஜ்தான். சர்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அன்று நோன்பு திறக்க கனகசபாபதி விருந்தாளியாக வந்திருந்தார். வீடே கல்யாண வீடு மாதிரி பரபரத்தது. கஞ்சி மணத்தது, வடை மலை போலக் குவிந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் சம்சு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான். மனைவி ஷரீஃபுன்னிசா கஞ்சி ஊற்ற, அண்ணாச்சி ரசித்துக் குடித்துவிட்டு, “நம்ம எண்ணெய் எங்க பாய்? கண்ணுல காட்டுங்க!” என்றார்.

நாஜியா துள்ளிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தவள் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். எண்ணெய் விழவில்லை. வெள்ளையாக உறைந்து, நெய்யாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“அத்தா, இது நல்லெண்ணெயா, டால்டாவா?”

நல்லெண்ணெய் ஃபிரிட்ஜில் உறையாது என்பது சம்சுவுக்குத் தெரியும். அண்ணாச்சிக்குத் தெரியாது.

“குளுருக்கு ஒறைஞ்சிருக்கோ?” என்று அவரே வழி காட்டினார்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆர்டரும் நிற்கும், பேரும் நிற்கும். சம்சு வாயைத் திறந்தான். ஷரீஃபுன்னிசாவின் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

“நாக்குல வைக்காமயா வாங்குனீக மச்சான்?” என்றாள் அவள் மெதுவாக.

“நோன்புல்ல…”

“நோன்பு நாக்குக்கு மட்டுந்தானா? மனசுக்கு இல்லையா?”

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. சம்சு எழுந்து நின்றுவிட்டான். “அண்ணாச்சி, இதுல பாதி பாமாயில். தெரிஞ்சேதான் வாங்குனேன். மன்னிச்சிருங்க.”

கனகசபாபதியின் முகம் சிவந்தது. “எந்தொழில்ல மருந்துல ஒண்ணு கெடக்க ஒண்ணக் கலந்தா அன்னைக்கே வெடிச்சிரும் பாய். ஒம்ம தொழில்ல சத்தம் வராதுன்னு கலந்துட்டீரோ? கரிமருந்துல கெடக்குற சனம், வருசத்துக்கு ஒருநா தலைக்கு வைக்கிற எண்ணெய்யா!”

சம்சு தலைகுனிந்து நின்றான். ஆனால் வியப்பைப் பாருங்கள், உண்மையைச் சொன்ன பிறகு அவனுக்கு மூச்சு தாராளமாக வந்தது.

“கடையில கெடக்குற பழைய சரக்கு கொஞ்சந்தான் அண்ணாச்சி. ஆளுக்குக் கால் லிட்டர் வரும். ஆனா அசல்” என்று உள்ளே ஓடி, அதிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்து வைத்திருந்த செம்பைக் கொண்டுவந்தான். ஒரு சொட்டைத் தன் நாக்கில் வைத்தான். அந்த மெல்லிய கசப்பு வந்ததும் முகம் மலர்ந்தது. கனகசபாபதியும் விரலை நனைத்து வைத்துப் பார்த்தார். கோபம் முழுக்க இறங்கவில்லை, ஆனாலும் சொன்னார்: “கால் லிட்டரே போதும். லேபிள்ல போட்டதுதான் உள்ள இருக்கணும்.”

மறுநாள் காலையில் பேரல் சங்கரபாண்டியனுக்கே திரும்பியது. சம்சு நேரே காரியாபட்டிக்கு வண்டி ஏறினான்.

“மாசிப் பட்டத்துக்கு எள்ளு வெதைங்க. எள்ளுக்கு எள்ளு வெலையே தாரேன்” என்றான்.

சோணைமுத்து நம்பாமல் பார்த்தார். “திடீர்னு என்ன பாய் ஞானோதயம்?”

சட்டைப் பையிலிருந்த லேபிளை எடுத்து அவர் கையில் வைத்தான் சம்சு.

“எள்ளு கெடைக்கலன்னுதான் கலக்குறோம்னு பஜார்ல சொல்லுவாக. அத நம்பித்தான் நானும் இந்த லேபிளுக்குள்ள பாமாயிலக் கலக்கப் பாத்தேன். நெசம் அதில்ல. பஜார்க்காரங்க நாங்க கலந்து மலிவா வித்ததாலதான் ஒங்க எள்ளுக்கு வெலையில்லாமப் போச்சு, காட்ட விட்டே போச்சு. கலப்படம் பண்ணுறவன் திங்கிறவன மட்டும் ஏமாத்தல, வெதைக்கிறவனையும் சேத்துல்ல ஒழிக்கான்!”