இன்னார் என்று நிரூபித்தவர்

பெரம்பலூர் மண்டியில் குருமூர்த்தியை ஏமாற்றும் வெங்காய மூட்டையை இன்னும் எவனும் தைக்கவில்லை என்பார்கள். மேலே மினுமினுக்கும் காயை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். முழங்கைவரை உள்ளே விட்டு, அடியில் பதுங்கியிருப்பதைப் பிடித்து இழுத்து, நசுக்கி, மோந்து, "ஏம்ப்பா, இது வெங்காயமா, வெங்காயத்தோட செத்துப்போன சித்தப்பாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் விலைக்கே வருவார். மூட்டைக்காரன் சிரித்துவிடுவான். சிரித்தவனிடம் பேரம் படிவது சுலபம்.

வெங்காயத்துக்கு அடுத்தபடி அவருக்குப் பிடித்தது காகிதம். தெரிந்தவர்களுக்கு வில்லங்கச் சான்று எடுத்துக் கொடுப்பார். பழைய பத்திரத்துக்கு நகல் வாங்கித் தருவார். எந்த மனுவை எந்த மேசையில் எந்த நேரத்தில் நீட்ட வேண்டும் என்று பஞ்சாங்கம்போலச் சொல்வார். இதற்கெல்லாம் ஒரு பைசா வாங்கியது கிடையாது. "குருமூர்த்தி அண்ணனுக்குத் தெரியாத ஆபீசா?" என்று நாலு பேர் சொல்லும்போது காதுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கும். அந்தக் குளிர்ச்சிக்காக அவர் எத்தனை பஸ் மாறியும் போவார்.

அவருடைய குடோனில் வெங்காயத்தின் தாளும் வேரும் கிள்ளுகிற குன்னத்தம்மா ஒருநாள் மத்தியானம் எழுந்து வந்து தூணோரம் நின்றாள்.

"என்ன குன்னத்தம்மா, கத்தி மொண்ணையாயிடுச்சா?"

"அதில்லீங்க மொதலாளி. எங்க கொல்லையில அளந்து எல்லைக் கல்லு நட்டுட்டாங்க."

"யாரு நட்டது?"

"எங்க வூட்டுக்காரரோட பங்காளி, தங்கராசு. இருக்கறதே முக்கா ஏக்கரு. மக்காச்சோளம் இடுப்பு ஒசரம் நிக்குது. கேட்டதுக்கு, 'ஆறு வருஷத்துக்கு முந்தியே எனக்கு வித்துட்டியே, மறந்துட்டியா'ங்கறான். நான் எப்ப வித்தேன்னு எனக்கே தெரியணுங்க."

புருஷன் போனபிறகு அவள் பேருக்கு வந்த புன்செய்க் கொல்லை அது. இருக்கிற ஒரே கொல்லையும் அதுதான். மழை பெய்தால் அதில் சோளம் வரும். பெய்யாவிட்டால் இந்தக் குடோன்தான் சோறு.

குருமூர்த்திக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "வித்திருந்தா பத்திரம் இருக்கும். பத்திரம் இருந்தா ஆபீஸ் புத்தகத்துல ஏறியிருக்கும். அது சர்க்கார் புத்தகம்மா! நீ கேக்கலாம், நான் கேக்கலாம், டீ ஆத்துறவன் கேக்கலாம். கேட்டா நகல் குடுத்தே ஆவணும். அதுல ஒரு பக்கத்தைக்கூட ஒருத்தனாலயும் ஒளிக்க முடியாது, தெரிஞ்சுக்க."

வெள்ளைத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்தார்.

"உன் பேரு என்னம்மா?"

ஒன்பது வருஷமாக அவள் அங்கே வேலை பார்க்கிறாள். குன்னத்திலிருந்து வருவதால் குன்னத்தம்மா. அதற்கு மேல் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

"உண்ணாமலைங்க" என்றாள் அவள், பேர் கேட்கப்பட்டதில் லேசாக வெட்கப்பட்டு. அந்த வெட்கத்தை அவர் கவனிக்கவில்லை. அதற்குள் சர்வே நம்பரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மண்டிக்குப் பக்கத்தில் இருந்த சுதர்சனின் கம்ப்யூட்டர் சென்டரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள். முப்பது வருஷத்துக்கு ஒரே ஒரு வரிதான் வந்தது. இரண்டாயிரத்துப் பத்தொன்பது, கிரையப் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் உண்ணாமலை, எழுதி வாங்கியவர் தங்கராசு, பக்கத்தில் பத்திர எண்.

"மாட்டினான்!" என்று குருமூர்த்தி தொடையைத் தட்டினார். "நம்பர் கெடைச்சிருச்சு. இனி நகல் எடுத்தாப் போதும். போட்டோ, கைரேகை, சாட்சி எல்லாம் அதுல இருக்கும். எந்த நாதாரி சாட்சி போட்டான்னு பாத்துருவோம்."

நகல் வாங்க அவளையும் கூட்டிக்கொண்டே போனார். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வந்ததும் அவள் முந்திக்கொண்டு சில்லறையை நீட்டினாள். "பொம்பளைங்களுக்குத்தான் ஓசியாச்சேங்க. உங்களுக்காவது நான் எடுக்கறேன்." அவர் வேண்டாம் என்று சொல்வதுபோல் கையை ஆட்டினார். சும்மா ஒரு மரியாதைக்கு ஆட்டியதுதான்.

அந்தச் சார்பதிவாளர் அலுவலகம் எந்த ஊரில் என்பது நமக்கு வேண்டாம். வாசலில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு டீக்கடை, டீக்கடையை ஒட்டி ஒரு பெட்டிக்கடை அளவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அலுவலக எழுத்தர் குருமூர்த்தியைப் பார்த்ததும், "வாங்க மொதலாளி, இன்னைக்கு யாருக்காக மல்லுக்கட்ட வந்திருக்கீங்க?" என்றார். மனு கொடுத்து, கட்டணம் கட்டி, மூன்று மணிவாக்கில் ஏழு பக்க நகல் முத்திரையோடு கைக்கு வந்தது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீயும் அவள்தான் வாங்கினாள். குருமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சந்தையில் ஏலம் கூறுகிற குரலில் படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் பேர், ஊர். இரண்டாவதில் நான்கெல்லை. மூன்றாவதில் பணம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்கிற வரி. நான்காவது பக்கத்தில் போட்டோ.

அவள் குனிந்து பார்த்தாள். "இது யாருங்க? ரெண்டு மூக்குலயும் குத்தியிருக்கா. எனக்கு ஒரு மூக்குகூடக் குத்தலையே."

"ஆள்மாறாட்டம்!" குருமூர்த்தி டீக்கடைக்கே கேட்கும்படி சொன்னார். "வேற எவளையோ உன் பேருல கொண்டாந்து நிறுத்தியிருக்கான். இரு, இவதான் உண்ணாமலைன்னு எவன் சொன்னான்னு பாப்போம். அஞ்சாம் பக்கம்..."

'இன்னார் என்று நிரூபித்தவர்கள்' என்று இருந்தது. அதன் கீழே இரண்டு பேர். ஒருவர் பேரை அவர் கேள்விப்பட்டதில்லை. இரண்டாமவர் பேரைக் கேள்விப்படத் தேவையில்லை. குருமூர்த்தி, தகப்பனார் பெயர், பெரம்பலூர் முகவரி. பக்கத்தில் கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து வால் கிளம்பி, பேர் முழுக்க அடியில் ஓடி, இரண்டு புள்ளியில் நின்றது. அந்த வாலைப் போடுவதற்காகவே அவர் கையெழுத்துப் போட ஆசைப்பட்ட காலம் உண்டு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

இப்போது ஜெராக்ஸ் கடை இருக்கிற இடத்தில் அன்றைக்கு வீரமுத்து என்கிற பத்திர எழுத்தர் கடை போட்டிருந்தான். குருமூர்த்தி ஏதாவது நகலுக்காகக் காத்திருந்தால், "அண்ணே, ஒரு சாட்சிக் கையெழுத்து. உங்கள மாதிரி பெரிய மனுஷன் போட்டாத்தான் மதிப்பு" என்று கூப்பிடுவான். இவர் எழுந்து போவார். சார்பதிவாளர், "இவங்கள உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பார். "நல்லாத் தெரியும் சார்" என்பார் இவர். வெளியே வந்தால் ஒரு டீ, சூடாக ஒரு போண்டா. நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். அத்தனையில் இது எந்தத் தடவை என்று யோசித்துப் பார்த்தார். அந்த இரட்டை மூக்குத்திக்காரியின் முகம் கொஞ்சம்கூட நினைவுக்கு வரவில்லை. பார்த்திருந்தால் அல்லவா வரும்? வெங்காயத்தை நசுக்கி மோந்து பார்த்து வாங்குகிறவர், ஆளைத் திரும்பியும் பார்க்காமல் ஆளுக்கு ஜவாப்புச் சொல்லியிருக்கிறார். அவர் இங்கே அந்த வாலை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அசல் உண்ணாமலை பெரம்பலூரில் அவருடைய குடோனிலேயே உட்கார்ந்து தாள் கிள்ளிக்கொண்டிருந்திருப்பாள்.

"என்னங்க மொதலாளி, படிக்க மாட்டேங்கறீங்க?"

"இது... ஸ்கேன் சரியா விழல. அழிஞ்ச மாதிரி இருக்கு." பக்கத்தைப் புரட்டிவிட்டார். அவசரத்தில் இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது.

"அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போவுது, விடுங்க" என்றாள் அவள். "எனக்கு உங்ககிட்ட வேற ஒண்ணு கேக்கணும். அரியலூர்ல மாவட்டப் பதிவாளருகிட்ட மனு குடுக்கணும்னு சொன்னீங்கல்ல? நாந்தான் உண்ணாமலைன்னு சொல்றதுக்கு ஒரு பெரிய மனுஷன் கூட வந்தா நல்லதுன்னு எங்கூரு வி.ஏ.ஓ. சொன்னாரு. எனக்கு உங்களத் தவிர யாரத் தெரியும்? நீங்க வந்து சொல்லிருவீங்கல்ல?"

"ம்" என்றார். "இரு, ஜெராக்ஸ் போட்டுட்டு வரேன்."

ஜெராக்ஸ் கடை வளர்மதி தாள்களை வாங்கிக்கொண்டாள். அந்த நாலு அடி தூரத்துக்குள் குருமூர்த்தி தனக்குள் பேரத்தை முடித்திருந்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. போட்டோ ஒன்று போதும், ஆள்மாறாட்டம் நிரூபணமாகிவிடும். சாட்சிப் பக்கம் எதற்கு? யாருக்கும் நஷ்டமில்லை.

"ஆறு பக்கம் போடும்மா. அஞ்சாவது வேண்டாம், அதுல ஒண்ணுமில்ல."

வளர்மதி தாள்களைப் புரட்டினாள். "அண்ணே, ஒவ்வொரு பக்கத்துலயும் 'மொத்தம் ஏழு'ன்னு சீல் அடிச்சிருக்காங்க. ஒண்ணு இல்லாமக் கொண்டுபோனா எந்த ஆபீஸ்ல வாங்குவான்? உங்களுக்கு நான் சொல்லணுமா?" அஞ்சாம் பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "நல்லாத்தானே தெரியுது. அட, உங்க பேரு மாதிரி இருக்கு!"

மூட்டைக்குள் முழங்கைவரை ஒரு கை இறங்கி, அடியில் கிடந்ததைப் பிடித்து வெளியே இழுத்ததுபோல் இருந்தது அவருக்கு. இத்தனை வருஷம் அந்தக் கை அவருடையதாகவே இருந்தது.

"ஏழும் போடு" என்றார்.

பெஞ்சுக்குத் திரும்பிவந்து உட்காரவில்லை. நின்றபடியே அஞ்சாம் பக்கத்தை எடுத்துக்கொண்டார். இந்த முறை குரல் அவருக்கே கேட்கவில்லை.

"இது அழியலம்மா. நல்லாத்தான் இருக்கு. சாட்சி ரெண்டு பேரு. ரெண்டாவது ஆளு நாந்தான்."

அவளுக்குப் புரியவில்லை. "நீங்கன்னா... உங்க பேருல எவனாச்சும் போட்டானா?"

அந்தச் சந்தேகத்தை அவள் இலவசமாகத் தந்தாள். எடுத்துக்கொண்டிருக்கலாம். தங்கராசு என் பேரிலும் ஆள் வைத்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நம்புவாள்.

"இல்ல. கையெழுத்து என்னுது."

"அவ மொகத்தப் பாக்கலையா?"

"பாக்கல."

"என் பேரச் சொல்லித்தானே கேட்டிருப்பாங்க?"

"கேட்டிருப்பாங்க. உங்க பேரு எனக்குப் போன வாரம்தானே தெரியும்."

அவள் கையிலிருந்த டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். "எவ்வளவு குடுத்தாங்க?"

"காசெல்லாம் ஒண்ணும் வாங்கல."

"பின்ன?"

பொய் சொல்லித் தப்புவதைவிட உண்மை சொல்லித் தொலைவது கேவலமாக இருக்கும் என்று குருமூர்த்தி அதுவரை அறிந்ததில்லை. "ஒரு டீ" என்றார். கொஞ்சம் கழித்து, "போண்டாவும் இருந்திருக்கும்."

அவள் பக்கத்திலிருந்த அவருடைய காலி டம்ளரைப் பார்த்தாள். அவள் வாங்கிக்கொடுத்த டீ.

"காசு வாங்கியிருந்தாக்கூடத் தேவலைங்க" என்றாள். "ஏதோ பண மொடை, வித்துட்டாருன்னு நெனச்சுக்குவேன். ஒரு டீக்கா எங் கொல்லை போச்சு?"

டீக்கடைக்காரன் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அலுவலக எழுத்தர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அவள் நகலை வாங்கி, ஏழு பக்கத்தையும் ஒன்றொன்றாகத் தொட்டு எண்ணி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அதற்குப்பிறகு அவள் குடோனுக்கு வரவில்லை. "குன்னத்தம்மா எங்க?" என்று யாரோ ஒருவன் கேட்டான். "அவங்க பேரு உண்ணாமலை" என்றார் குருமூர்த்தி, கேட்டவன் மேல் எரிந்து விழுந்து. சொன்ன மறுநிமிஷமே அதற்கும் கூசினார். திங்கட்கிழமை மனுநாள். அவள் கூப்பிடவில்லை. இவர் தானாகவே அரியலூருக்குப் பஸ் ஏறினார்.

மாவட்டப் பதிவாளர் அலுவலக வராந்தாவில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்துத் தலையாட்டவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. பேர் கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனார்கள்.

அதிகாரி நகலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "நீங்கதான் உண்ணாமலைன்னு யாரு சொல்றது?" பிறகு குருமூர்த்தியைப் பார்த்து, "இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

நாற்பது தடவை எச்சில்கூட விழுங்காமல் சொன்ன பதில், இப்போது உண்மையாகவே சொல்லலாம் என்கிறபோது வரமாட்டேன் என்றது.

"ஒம்போது வருஷமா என் குடோன்ல வேலை பாக்கறாங்க சார். பேரு மட்டும் இந்த மாசம்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தப் போட்டோவுல இருக்கற அம்மா யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா தெரியும்னு கையெழுத்துப் போட்டது நான். அஞ்சாம் பக்கம்."

அதிகாரி பக்கத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "இத எழுதிக் குடுத்தீங்கன்னா உங்க மேலயும் கேஸ் வரும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"படிச்சவரு மாதிரி இருக்கீங்க. அப்புறம் ஏன்யா போட்டீங்க?"

அதற்குப் பதில் ஒரு டீ விலை. வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். ஒரு பக்கம் எழுதி, கீழே பேரை எழுதினார். விசாரணைக்கு இருவரையும், தங்கராசுவையும் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதுவரை கல் கல்லாகவே இருக்கும், சோளம் சோளமாகவே இருக்கும்.

திரும்பும்போது குன்னம் வழியாகப் போகும் டவுன் பஸ்தான் நின்றது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் அவளுக்கு இரண்டு சீட் பின்னால் நின்றுகொண்டார், இடம் இருந்தும். கண்டக்டர் அவளுக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒன்றாக ஏறியதைப் பார்த்தவர். பின்னால் நிற்பவரைப் பார்த்துவிட்டு, "அய்யாவுக்கும் சேத்து நீங்களே எடுக்கறீங்களாம்மா?" என்று கேட்டார்.

அவள் கழுத்தைத் திருப்பிக் குருமூர்த்தியைப் பார்த்தாள். சும்மா பார்க்கவில்லை. நெற்றி, கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். அவ்வளவு நேரம் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லைங்க" என்றாள் கண்டக்டரிடம். "அவரு தனி."