ஊட்டி என்கிற பூண்டு

ஊட்டச்சத்து வாரம் என்றால் ஊட்டியில் இருக்கிற அந்தக் கல்லூரியில் என்னென்ன நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு தட்டில் முளைகட்டிய பயறு இருக்கும். பூசணிக்காயில் செதுக்கிய மயில் ஒன்று இருக்கும். யாராவது ஒரு டாக்டர் வந்து கீரையின் பெருமையைப் பேசுவார். அது முடிந்ததும் எல்லாருக்கும் சமோசா கொடுப்பார்கள். இந்த வருஷம் உணவியல் துறைக்குப் புதிதாக வந்திருந்த எல்சா மேடம் அத்தனையையும் ஓரங்கட்டிவிட்டு, கேன்டீனிலிருந்து ஒரு மதியச் சாப்பாட்டை அப்படியே வாங்கிவந்து வகுப்பு மேசைமேல் வைத்தார். சோறு, சாம்பார், ரசம், பீன்ஸ் பொரியல், அப்பளம்.

"இதுல இருக்கிற ஒவ்வொண்ணும் எங்க விளைஞ்சதுன்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும். கடையில கேட்டேன், மண்டியில கேட்டேன்னு பாதியில நிக்கக்கூடாது. அது முளைச்ச மண்ணு வரைக்கும் போகணும்" என்றார்.

முன்கூடத்தில் இரண்டு நீள மேசைகள் போட்டார்கள். ஒன்றில் 'பக்கத்தில் விளைந்தது' என்று எழுதி ஒட்டினார்கள், மற்றதில் 'தூரத்தில் விளைந்தது'. நடுச் சுவரில் பெரிய இந்திய வரைபடம். பொருள் விளைந்த ஊரிலிருந்து ஊட்டி வரைக்கும் கம்பளி நூல் கட்டிக் காட்ட வேண்டும்.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அனமுக்கும் தேவிக்கும் ரசத்தில் மிதந்த பூண்டு வந்தது. வகுப்பே முணுமுணுத்தது. காரணம் இருந்தது. அனமின் அத்தா ஃபாரூக் ஊட்டி மார்க்கெட்டில் வெங்காயம், பூண்டுக் கடை வைத்திருக்கிறார். கல்லூரி கேன்டீனுக்குச் சரக்கு அவர் கடையிலிருந்துதான் போகிறது. தேவியின் அப்பா சுடலைமணியோ ஊட்டிக்குப் பக்கத்து ஊரான எமரால்டில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பூண்டு போடுகிறவர்.

"இதுக்குப் பேரு கள்ளாட்டம். எனக்குத் துவரம்பருப்பு வந்திருக்கு. நான் எந்த ஊருக்குப் போவேன்?" என்றான் கீர்த்திவாசன்.

அனம் சிரித்துக்கொண்டாள். பூண்டில் என்ன சத்து, எதற்கு நல்லது, எவ்வளவு சாப்பிட்டால் வயிறு எரியும் என்றெல்லாம் கேட்டால் அவள் மூச்சுவிடாமல் சொல்வாள். போன வருஷம் அதைப் பற்றிப் பேசிப் பரிசும் வாங்கியிருந்தாள். எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் ஒரு கேள்வியா? யாரிடமும் விசாரிக்காமல் ஒரு அட்டையில் 'ஊட்டிப் பூண்டு' என்று எழுதி, 'பக்கத்தில் விளைந்தது' மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

தேவி மட்டும் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏ அனம், எங்கூட்டுப் பூண்டு உங்கத்தா கடைக்கு வந்து நான் பாத்ததே இல்லையே."

"உங்க வீட்டுது இல்லைன்னா உங்க பக்கத்துக் காட்டுது."

"எங்கூருல யாரோடதும் வாராது. அல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்குத்தான் போகும்."

அந்தப் பேச்சு அனமின் மனதில் முள்ளாகத் தைத்தது. சாயங்காலம் இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போனார்கள். ஃபாரூக் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து, சுற்றுலா வந்த ஒரு குடும்பத்துக்கு இஞ்சி நிறுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் நகர்ந்ததும் அனம் கேட்டாள்.

"அத்தா, கேன்டீனுக்கு நாம குடுக்கிற பூண்டு எந்த ஊருது? எமரால்டா, கேத்தியா?"

"மலைப்பூண்டுன்னு யாரு சொன்னா?"

"ஊட்டியில விக்கிறது ஊட்டிப் பூண்டு இல்லையா?"

"ஊட்டியில மீனும்தான் விக்கிறாங்க. கடல் எங்கம்மா இருக்கு?"

தேவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அனமுக்கு முகம் சுண்டிவிட்டது. பிறந்தது முதல் பூண்டுத்தோல் பறக்கிற கடையில் விளையாடி வளர்ந்தவள். அந்தத் தோல் எந்த ஊர்க் காற்றில் காய்ந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"சரி, பின்ன எந்த ஊருது?"

"கோயமுத்தூர்ல மொத்தக் கடைக்காரர் அனுப்பறாரு. நான் இறக்கறேன். சரக்கு காய்ஞ்சிருக்கா, நாறாம இருக்கான்னு பாப்பேன். அதுக்கு மேல யாவாரத்துல யாரு என்னத்தைக் கேட்டாங்க?" என்றார் ஃபாரூக். சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் கேட்காமலே எழுந்துபோய் அடியில் கிடந்த ஒரு சாக்கை உருவி விரித்தார். சிவப்பு மையில் இந்தி எழுத்து. கீழே ஒரு போன் நம்பர்.

தேவிக்குப் பள்ளியில் படித்த இந்தி கொஞ்சம் நினைவிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தாள். "மந்த்... மந்த்சௌர்."

போனில் தேடினார்கள். மத்தியப் பிரதேசத்தில் இருந்தது அந்த ஊர். பாதி இந்தியாவைத் தாண்டி.

"அப்ப அட்டையைத் தூரத்து மேசைக்கு மாத்திட வேண்டியதுதான்" என்றாள் தேவி.

"மேடம் மண்ணு வரைக்கும் போகச் சொன்னாங்க. இது சாக்குதானே. அத்தா, நீங்க பேசுங்களேன்."

ஃபாரூக்குக்கு இந்தி தெரியும் என்று மார்க்கெட்டில் பேர். உண்மையில் அது பேரம் பேசுகிற இந்தி. விலை சொல்வார், குறைக்க மாட்டேன் என்பார், மழை வரும், சீக்கிரம் எடுங்கள் என்பார். அதற்கு வெளியே போனால் தடுமாறுவார். இருந்தும் மகள் முன்னால் பின்வாங்க மனமில்லாமல் நம்பரைப் போட்டு, மூன்று பேரும் கேட்கும்படி போனைத் தராசுத் தட்டில் வைத்தார்.

எடுத்தவர் பேர் கைலாஷ். அவரே விவசாயி. தன் பூண்டோடு அக்கம்பக்கத்துப் பூண்டையும் சேர்த்து மூட்டை கட்டித் தெற்கே அனுப்புகிறவர். சரக்கு கெட்டுப்போய்விட்டது என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். அது இல்லை, பெண்ணின் படிப்புக்காகக் கேட்கிறேன் என்று புரியவைப்பதற்குள் ஃபாரூக்குக்கு வேர்த்துவிட்டது. ஆமாம், எங்கள் நிலத்தில் விளைந்ததுதான், பனிக்காலம் தொடங்கும்போது நட்டு வெயில் ஏறும்போது எடுத்தோம் என்றார் கைலாஷ்.

"என்ன ரகம்னு கேளுங்க அத்தா."

ஃபாரூக் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே சொல் வந்தது.

"ஊட்டி."

"ஆமாங்க, ஊட்டிதான். ஊட்டியில இருந்துதான் பேசறோம்."

"இல்லை, ஊட்டி."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஊட்டி!"

இப்படியே இரண்டு பேரும் ஊட்டி, ஊட்டி என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வாழைப்பழக் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். அனமுக்குத்தான் முதலில் பொறி தட்டியது.

"அத்தா, அவரு நம்மூரைச் சொல்லலை. அந்தப் பூண்டுக்குப் பேரே ஊட்டி போல."

ஃபாரூக் நிதானமாக, சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார். ஐயா, நான் இருக்கிற ஊரின் பேர் ஊட்டி. மலைமேல் இருக்கிறது. குளிரும். இங்கேயும் பூண்டு விளைகிறது.

கைலாஷ், "ஊட்டி ஒரு ஊரா?" என்று கேட்டார்.

அவர் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. மழை ஓய்கிற சமயத்தில் விதை ஏஜென்ட் லாரியில் பூண்டு கொண்டுவருவார். நாலு வருஷம் ஒரே விதையைத் திருப்பித் திருப்பிப் போட்டால் காய் சிறுத்துப்போகும், இந்தப் புது விதை போட்டால் பல் திரண்டு வரும். ஏஜென்ட் அதை ஊட்டி என்பார், இவர்களும் ஊட்டி என்பார்கள். மனிதருக்குப் பேர் இருக்கிற மாதிரி பூண்டுக்கு அது ஒரு பேர், அவ்வளவுதான்.

"பங்கனப்பள்ளி மாம்பழம் இருக்குல்ல, அது ஒரு ஊருன்னு எனக்கே கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும்" என்று ஃபாரூக் மகளிடம் ரகசியமாகச் சொன்னார்.

தேவி கையைத் தட்டிக்கொண்டாள். "இப்பத்தானே எங்கப்பாவெல்லாம் எடுத்து மண்டிக்கு அனுப்பிட்டு இருக்காங்க. வடக்கத்தி ஆளுங்க வந்து பெரிய காயாப் பாத்து விதைக்கு வாங்கிக்குவாங்க. பொடிசை மட்டும் நாங்க ஊட்டுக்கு வெச்சுக்குவோம். அது எங்க போவுதுன்னு யாரு கண்டா?"

அனம் மூட்டையிலிருந்து ஒரு பூண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். இந்த மலையில் பிறந்த ஏதோ ஒரு பூண்டின் பல், கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, ரயில் பாதைகளையும் ஆறுகளையும் தாண்டிப்போய், கரிசல் மண்ணில் முளைத்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை திரும்பவும் மலையேறி வந்து கேன்டீன் ரசத்தில் விழுந்திருக்கிறது. இத்தனை தூரம் போய்வந்தது யார் கண்ணிலும் படவில்லை. இன்னும் எது எதெல்லாம் இப்படிப் போய் வருகிறதோ என்று நினைத்தபோது, சுற்றியிருந்த உருளைக்கிழங்கும் இஞ்சியும்கூட அவளுக்குப் புதிதாகத் தெரிந்தன.

போனை வைக்கும்முன் கைலாஷ் ஒன்று கேட்டார். உங்கள் ஊரில் பூண்டு நிற்கிற நிலத்தை எனக்குக் காட்ட முடியுமா?

ஊட்டச்சத்து வார விழா அன்று முன்கூடம் நிரம்பியிருந்தது. கீர்த்திவாசனின் பருப்பு கப்பலேறி வந்தது என்று தெரிந்து அவனைச் சுற்றி ஒரு கூட்டம். வரைபடத்துக்கு வெளியே சுவரில் ஆணி அடித்து, அது ஆப்பிரிக்கா என்று எழுதி நூல் கட்டியிருந்தான். அனம் முதல் வேலையாகப் பக்கத்து மேசையிலிருந்து தன் அட்டையை எடுத்தாள். எடுத்தவள் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எந்த மேசையில வைக்கப்போறே?" என்று எல்சா மேடம் கேட்டார்.

"தெரியலை மேடம். விளைஞ்சது அங்கே. விதை இங்கே."

"விதை இங்கேன்னா அது நம்ம பூண்டுதானே?" என்றான் கீர்த்திவாசன்.

"அந்தத் தண்ணி, அந்த உரம், அவரு பாடு அல்லாம் எங்க போச்சு?" என்றாள் தேவி.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்சா மேடம் கடைசிவரை தீர்ப்புச் சொல்லவில்லை. "நான் மேசை ரெண்டு போடச் சொன்னப்ப இது யோசனையில வரலை. நீதான் முடிவு பண்ணணும்" என்று மட்டும் சொன்னார்.

அனம் யோசித்து அட்டையைத் தூரத்து மேசையில் வைத்தாள். வரைபடத்தில் மட்டும் ஊட்டியிலிருந்து மந்த்சௌருக்குப் பச்சை நூல் ஒன்றும், மந்த்சௌரிலிருந்து ஊட்டிக்குச் சிவப்பு நூல் ஒன்றுமாகக் கட்டினாள். பக்கத்தில் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் தேவி வீட்டுப் பொடிப்பூண்டு, மற்றதில் கடைப் பூண்டு, இரண்டும் தட்டிப்போட்டது. கண்ணை மூடி முகர்ந்து பார்த்து, மலையில் விளைந்தது எது என்று சொல்ல வேண்டும். கேன்டீனில் சமைக்கிற ஐவி அக்கா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வெகு நிச்சயமாகக் கடைப் பூண்டைத் தொட்டுக் காட்டினார். தப்பு என்றதும், "அப்ப ரெண்டையும் ரசத்துல போட்டுக் குடுங்க, அப்பறம் சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்று முகர்ந்தவர்களில் பாதிப்பேர் சரியாகச் சொன்னார்கள், பாதிப்பேர் தவறாகச் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு எமரால்டு போனார்கள். சீசன் கூட்டம் இருந்தும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஃபாரூக்கும் கிளம்பினார். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே என்பது அவர் சொன்ன காரணம். பஸ்ஸில் மகளுக்கு முன்னால் ஜன்னல் சீட்டைப் பிடித்தவர் வழிநெடுகப் பூண்டுக் காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சுடலைமணி அணைத் தண்ணீருக்கு மேலே, படிப்படியாக வெட்டிய நிலத்தில் நின்றிருந்தார். பாதிக்கு மேல் பூண்டைப் பிடுங்கி இலைத்தாளோடு பரப்பியிருந்தார். வீட்டருகே சிக்னல் எடுக்காது என்பதால் மேல் வரப்புக்கு ஏறினார்கள். மூடுபனி விலகுகிற நேரம் பார்த்து அனம் வீடியோ காலில் கைலாஷைக் கூப்பிட்டாள்.

கைலாஷ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சரிவு, படிகள், தைலமரம், கீழே தண்ணீர். ஒரு பூண்டை எடுத்து மண்ணோடு காட்டச் சொன்னார். காட்டியதும் முகத்தைக் கேமராவுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து, ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்னங்க பாய் சொல்றாரு?" என்றார் சுடலைமணி.

"இத்தனை வருஷமா உன் பேரைத்தான் தெரியும், இன்னிக்குத்தான் உன் வீட்டைப் பாத்தேங்கறாரு. பூண்டுகிட்டச் சொல்றாரு, நம்மகிட்ட இல்லை."

பிறகு கைலாஷ் தன் போனைத் திருப்பினார். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே தட்டையான கறுப்பு நிலம். சோயா பழுத்து நின்றது. அதை அறுத்துவிட்டு அடுத்த மாதம் பூண்டு நடுவார்களாம். சுடலைமணி வரப்பில் உட்கார்ந்தேவிட்டார்.

"ஏனுங்க, இத்தனை சமமா இருந்தா மழைத்தண்ணி எங்க போய் வடியும்னு கேளுங்க."

ஃபாரூக்கின் பேர இந்திக்கு வடிகால் என்ற சொல் தெரியவில்லை. கையால் சரித்துக் காட்டினார். கைலாஷ் வாய்க்காலைக் காட்டினார். உங்கள் நிலத்தில் டிராக்டர் எப்படித் திரும்பும் என்று அவர் கேட்டார். டிராக்டரே இல்லை, களைக்கொத்துதான் என்றதும் மனைவியைக் கூப்பிட்டு அதை அவருக்கும் சொன்னார். அந்த அம்மாள், நீங்கள் பூண்டில் என்ன சமைப்பீர்கள் என்று கேட்க, தேவி ரசத்தைப் பற்றிச் சொன்னாள். கால் மணி, அரை மணி என்று பேச்சு நீண்டது. பாஷை போதாத இடத்தில் கை பேசியது.

முடிக்கிற நேரத்தில் கைலாஷ், "எனக்கு விதை உங்களிடமிருந்து வந்தது. உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்றார்.

ஃபாரூக் அதைச் சுடலைமணிக்குத் தமிழில் சொன்னார்.

"நடுவட்டத்துல பேச்சின்னு ஒரு அக்கா கிட்டத்தான் வாங்குனேன். அவங்களுக்கு எங்கிருந்து..." என்று இழுத்தார்.

அனம் தேவியைப் பார்த்தாள். சுடலைமணி சட்டைப்பையிலிருந்து தன் பழைய பட்டன் போனை எடுத்து, கண்ணைச் சுருக்கி நம்பரைத் தேடினார்.

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க பாய், வெச்சுறப் போறாரு" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தார். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"ஏனுங்க்கா, நான் எமரால்டு சுடலைமணி பேசறேன். ஒண்ணுமில்லீங்க, ஒரு வெசயம் கேக்கோணும்..."